மோதலையும் மனித உரிமையையும் ஆராய்வது எப்படி: கேள்வி எழுதுவதிலிருந்து டேட்டாவைப் பொதுவில் வைப்பது வரை

போர், கிளர்ச்சி, சித்திரவதை, ஆட்கள் காணாமல் போவது, நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தங்கள், தடைகள். இவற்றை ஆய்வுக்கு எடுப்பவர்களில் நிறையப் பேர் கோபத்தோடுதான் ஆரம்பிக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. கோபத்திலிருந்து தலைப்பு உடனே கிடைத்துவிடும், கேள்வி மட்டும் கிடைக்காமல் ஆறு மாதம் ஓடிவிடும்.

இந்தத் துறைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மழையை அளப்பவரிடம் மழை எதையும் மறைப்பதில்லை; இங்கே அளக்கப்படுகிறவர்களுக்கு மறைக்கக் காரணம் இருக்கிறது. யார் எண்ணினார்கள், யார் ஊரைவிட்டு ஓடினார்கள், எந்த அலுவலகத்துக் கோப்பு எரிந்தது, யாருக்கு வாய் திறக்கப் பயம் என்று நம் கைக்கு வரும் ஆதாரத்தை எல்லாம் நாம் ஆராயும் மோதலேதான் தீர்மானிக்கிறது. அதனால் கீழே எந்தப் படியில் நின்றாலும் நான் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப் போகிறேன்: இந்தப் பதிவு எப்படி உருவானது?

படி 1: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"உள்நாட்டுப் போரில் பொதுமக்கள்" என்பது தலைப்பு. "பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் இரண்டில் ஒன்றில் மட்டும் ஏன் கொலைகள் நடந்தன?" என்பது கேள்வி. அரசியல் ஆய்வாளர் ஸ்டாதிஸ் கலிவாஸ் கிரேக்க உள்நாட்டுப் போரை எடுத்துக்கொண்டு ஆர்கோலிட் பகுதியில் கிராமம் கிராமமாகப் பார்த்தது இப்படி ஒரு கேள்வியைத்தான். ஒரு தரப்பின் கை ஓங்கியிருந்தும் முழுப் பிடி இல்லாத இடங்களில்தான் ஆளைக் குறிவைத்துக் கொல்வது அதிகம் இருந்தது, இரு தரப்பும் சமபலத்தில் நின்ற இடங்களில், நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, குறைவாக இருந்தது. காரணம், காட்டிக்கொடுக்கிறவருக்குத் தன் தலை தப்பும் என்ற நம்பிக்கை வேண்டும். எதிர்த் தரப்பு நாளைக்கே பழிவாங்கிவிடும் என்ற நிலையில் யாரும் வாய் திறப்பதில்லை. பெரிய கொள்கைச் சண்டையின் பெயரால் நடந்த கொலைகளுக்கு உள்ளே பங்காளிப் பகையும் நிலத்தகராறும் இருந்ததை "இந்தப் போர் ஏன் இவ்வளவு கொடூரம்" என்று கேட்டிருந்தால் பார்த்திருக்கவே முடியாது.

உங்கள் கேள்வி தேறுமா என்று பார்க்க ஒரு வழி: அதற்கு வரக்கூடிய பதில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காததாக இருக்க வாய்ப்பு உண்டா? எந்தப் பதில் வந்தாலும் உங்கள் தரப்பே சரி என்று ஆகும்படி கேள்வி அமைந்திருந்தால் அது ஆய்வு இல்லை, மனு. மனு எழுதுவதும் நல்ல வேலைதான், ஆனால் அதற்கு பிஎச்டி தேவையில்லை.

இன்னொரு வழக்கமான பொறி, நடந்த இடங்களை மட்டும் எடுப்பது. புரட்சி வென்ற ஐந்து நாடுகளைப் படித்துவிட்டு "இந்த மூன்று காரணங்களால் புரட்சி வெல்லும்" என்று எழுதினால், அதே மூன்று காரணங்கள் இருந்தும் தோற்ற நாடுகள் எத்தனை என்று யாராவது கேட்பார்கள். எரிகா செனோவெத்தும் மரியா ஸ்டெஃபானும் 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை எடுத்தபோது வென்றதையும் தோற்றதையும், ஆயுதம் ஏந்தியதையும் ஏந்தாததையும் சேர்த்தே எடுத்தார்கள். அதனால்தான் அறவழிப் போராட்டங்களில் 53 சதவீதமும் ஆயுதப் போராட்டங்களில் 26 சதவீதமும் வென்றன என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அந்த முடிவோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சண்டை போட முடிவதே அந்த ஆய்வை அமைத்த விதத்தினால்தான்.

படி 2: சொல்லுக்கு அளவு வையுங்கள்

போர் என்றால் என்ன? கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் ஆய்வின் பாதித் தலைவிதி இதில் இருக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டத்தில், ஆட்சி அல்லது நிலப்பரப்பு பற்றிய தகராறில், குறைந்தது ஒரு தரப்பு அரசாக இருந்து, ஒரு காலண்டர் ஆண்டில் சண்டையில் 25 பேராவது செத்தால் அது ஆயுத மோதல். 1,000 பேரைத் தொட்டால் போர். அப்படியென்றால் 24 பேர் செத்த ஆண்டு? பட்டியலில் அது அமைதி. அடுத்த ஆண்டு 26 பேர் செத்தால் "மோதல் மீண்டும் வெடித்தது" என்று கணினி எழுதிக்கொள்ளும். அங்கே வாழ்ந்தவரைக் கேட்டால் இரண்டு ஆண்டும் ஒன்றுதான் என்பார்.

எல்லைக்கோட்டை எங்காவது ஒரு இடத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் குற்றம் இல்லை. எங்கே போட்டீர்கள் என்பது முடிவை மாற்றுகிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் குற்றம். உள்நாட்டுப் போருக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் வெவ்வேறு வரையறைகளை 2004-ல் நிக்கோலஸ் சம்பானிஸ் எடுத்து ஒப்பிட்டபோது, வரையறையை மாற்றினால் எப்போது போர் தொடங்கியது, எதனால் தொடங்கியது என்பதற்கான பதில்களும் நகர்வதைக் காட்டினார். நீங்களும் குறைந்தது இரண்டு வரையறையில் ஓட்டிப் பாருங்கள்.

சட்டச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். இனப்படுகொலை என்பதற்கு 1948 உடன்படிக்கையில் குறிப்பான பொருள் உண்டு: தேசிய, இன, மரபின, மதக் குழு ஒன்றை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம். அரசியல் குழுக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்பது மட்டும் போதாது, நோக்கத்தைக் காட்ட வேண்டும். நீங்கள் அந்தச் சொல்லைச் சட்டப் பொருளில் பயன்படுத்துகிறீர்களா, சமூகவியல் பொருளிலா என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று வியர்க்காது.

படி 3: முன்னால் எழுதியவர்களைச் சண்டை சண்டையாகப் படியுங்கள்

ஆண்டு வரிசையில் "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று நாற்பது பக்கம் எழுதுவதைப் படிக்கிறவர் தூங்கிவிடுவார். எங்கே தகராறு என்று பாருங்கள். உள்நாட்டுப் போர்களுக்குக் காரணம் மனக்குறையா, பணமும் வாய்ப்புமா என்று பால் காலியரும் ஆங்கே ஹோஃப்லரும் ஒரு பக்கம் கிளப்பிவிட்டார்கள். இனப் பன்மை போரை அதிகம் விளக்குவதில்லை, ஏழ்மையும் வலுவில்லாத அரசும் மலைப்பாங்கான நிலமும் விளக்குகின்றன என்று ஜேம்ஸ் ஃபியரனும் டேவிட் லெய்டினும் 2003-ல் எழுதினார்கள். அதற்கு வந்த மறுப்புகளைப் படித்தாலே துறையின் வரைபடம் மனதில் விழுந்துவிடும். இதே ஃபியரன் 1995-ல் கேட்ட கேள்வியையும் தவறவிடாதீர்கள்: போர் இரு தரப்புக்கும் செலவு என்றால், ஏன் முன்கூட்டியே பேரம் பேசி முடித்துக்கொள்வதில்லை? ஒருவர் பலம் மற்றவருக்குத் தெரியாதது, கொடுத்த வாக்கை நாளை காப்பார் என்ற உறுதி இல்லாதது, பங்குபோட முடியாத பொருள் என்று மூன்று பதில். சர்வதேச உறவுகள் பக்கம் நீங்கள் எதை எழுதினாலும் இந்த மூன்றில் ஒன்று குறுக்கே வரும்.

படி 4: டேட்டாவை இறக்குமுன் அதன் பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒரு ஃபைலை இறக்கி, எக்செல்லில் திறந்து, வரிசையாக எண்கள் அழகாக நிற்பதைப் பார்த்ததும் அவை வானத்திலிருந்து விழுந்தவை போல நம்பிவிடுகிறோம்.

முதலில், எது எதை எண்ணுகிறது? உப்சாலா தொகுப்பின் நிகழ்வு வாரியான பதிவு 1989-லிருந்து தொடங்குகிறது, சாவு நிகழ்ந்த சம்பவங்களையே எடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் குறைந்த, நம்பத்தக்க, அதிக என மூன்று எண்ணிக்கை தருகிறது. ஏக்லெட் (ACLED) என்ற இன்னொரு மோதல் தரவுத் தொகுப்பு, யாரும் சாகாத ஆர்ப்பாட்டத்தையும் கலவரத்தையும்கூட எடுக்கிறது. இரண்டையும் ஒட்டவைத்து ஒரே வரைபடம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள்.

அடுத்து, அந்தத் தகவல் யார் வழியாக வந்தது? பெரும்பாலும் செய்தி நிறுவனங்கள் வழியாக. செய்தியாளர் போக முடிந்த இடம், போன் சிக்னல் உள்ள இடம், இவையே பதிவாகும். ஆப்கானிஸ்தானை வைத்து நில்ஸ் வெய்ட்மன் 2016-ல் காட்டியது இதைத்தான். முன்பே, குவாதமாலாவில் கிறிஸ்டியன் டேவன்போர்ட்டும் பேட்ரிக் பாலும் செய்தித்தாள், மனித உரிமை அமைப்புகளின் ஆவணம், நேரடிப் பேட்டி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மூன்றும் ஒரே நாட்டைப் பற்றி மூன்று கதைகள் சொல்லின. பத்திரிகைகளின் பார்வை நகரத்தை விட்டு அதிகம் வெளியே போகவில்லை. ஆக, "செல்போன் வந்த பகுதிகளில் வன்முறை கூடியது" என்று உங்கள் புள்ளியியல் மாடல் சொன்னால், வன்முறை கூடியதா, செய்தி கூடியதா?

மனித உரிமை மதிப்பெண்களில் இது இன்னும் நுட்பமானது. அரசியல் பயங்கர அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. ஆம்னஸ்டியும் அமெரிக்க வெளியுறவுத் துறையும் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் படித்து நாடுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். அந்த எண்களை மட்டும் பார்த்தால் பல பத்தாண்டுகளாக உலகம் பெரிதாக முன்னேறவே இல்லை. 2014-ல் கிறிஸ்டோபர் ஃபாரிஸ் ஒரு எளிய சந்தேகத்தைக் கிளப்பினார்: அறிக்கை எழுதுகிறவர்கள் முன்பைவிட அதிகம் தேடுகிறார்கள், அதிக இடங்களுக்குப் போகிறார்கள், முன்பு கண்டுகொள்ளாத சிறிய அத்துமீறலையும் இப்போது எழுதுகிறார்கள் என்றால்? அளவுகோலே ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகிறது. அதைச் சரிசெய்து கணக்கிட்டபோது நிலைமை மேம்பட்டிருப்பதாக அவருக்கு முடிவு வந்தது. இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் இந்த விவாதம் தெரியாமல் அந்த மதிப்பெண்களைத் தொடாதீர்கள்.

இறந்தவர் எண்ணிக்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இராக்கில் 2003 படையெடுப்புக்குப் பின் 2006 நடுப்பகுதி வரை எத்தனை பேர் செத்தார்கள்? லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, போர் நடந்திராவிட்டால் செத்திருப்பார்கள் என்பதற்கு மேல் 6,54,965 பேர், அதில் ஆறு லட்சம் அளவுக்கு வன்முறைச் சாவு என்றது. ஏறக்குறைய அதே காலத்துக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து இராக் அரசு செய்த குடும்பக் கணக்கெடுப்பு வன்முறைச் சாவுகள் 1,51,000 என்றது. இரண்டுமே வீடு வீடாகக் கேட்டு எடுத்தவை! கட்டுரையில் ஒரு எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால் நீங்கள் ஒரு தரப்பை எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாவிட்டாலும். எத்தனை வீடுகள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், என்ன கேட்டார்கள் என்று படித்துவிட்டு எழுதுங்கள்.

எண்ணப்படாதவர்களை எண்ண ஒரு வழி உண்டு, கேட்டால் மந்திரம் போல இருக்கும், ஆனால் பள்ளிக் கணக்குதான். ஒரு அமைப்பின் பட்டியலில் 100 பெயர், இன்னொன்றில் 80, இரண்டிலும் இருப்பவர்கள் 40. இரண்டாம் பட்டியலில் பாதிப் பேர் முதல் பட்டியலிலும் இருக்கிறார்கள் என்றால், முதல் பட்டியல் மொத்தத்தில் பாதியைப் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆக மொத்தம் சுமார் 200. பட்டியல்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தயாரானவை என்பது இதன் அடிப்படை, நிஜத்தில் அப்படி இருக்காது, அதனால் மூன்று நான்கு பட்டியல் வைத்துச் சிக்கலான மாடல் போடுவார்கள். பெருவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1980 முதல் 2000 வரையிலான வன்முறையை விசாரித்தபோது அதனிடம் நேரடியாகப் பதிவானவை சுமார் 24,000 சாவுகள். மற்றப் பட்டியல்களோடு இப்படி ஒப்பிட்டு, 2003 அறிக்கையில் அது சொன்ன மதிப்பீடு 69,280. இந்தக் கதைக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

படி 5: எதோடு எதை ஒப்பிடுகிறீர்கள்?

"சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகளில் சித்திரவதை குறைந்ததா?" நேரடியாக ஒப்பிட்டால் சறுக்கும். ஏற்கனவே நல்லபடி நடக்கிற நாடு செலவில்லாமல் கையெழுத்திடும். மோசமான நாடும் இடும், நல்ல பெயர் கிடைக்கும், கேட்பார் யாரும் இல்லை என்ற தைரியத்தில். ஊனா ஹாத்வே 2002-ல் ஒப்பந்தங்களை ஏற்ற நாடுகளின் நடத்தை அப்படியொன்றும் மேலாக இல்லை, சில இடங்களில் மோசமாகவும் தெரிகிறது என்று எழுதியதும் பெரிய விவாதம் மூண்டது. பிறகு வந்தவர்கள் கேள்வியையே பிரித்தார்கள்: எந்த வகை ஆட்சியில், யார் அந்த ஒப்பந்தத்தை ஆயுதமாக எடுத்து நீதிமன்றத்துக்குப் போக முடிகிறது? கேள்வி அப்படித்தான் கூர்மையாகும்.

ஒரே நாட்டை ஆழமாகப் பார்க்கிறீர்கள் என்றால் உங்கள் விளக்கம் சரியென்றால் கட்டாயம் கிடைத்தாக வேண்டிய தடயங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் விளக்கத்தைக் கைவிட வேண்டும். உங்கள் விளக்கம் பொய்யாக இருந்தால் கிடைக்கவே வாய்ப்பில்லாத தடயம் எது என்பதையும் எழுதுங்கள். அது கிடைத்தால் ஏறக்குறைய ஜெயித்துவிட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஆயிரம் துணுக்குகள் கதைக்கு உதவும், நிரூபிக்க உதவாது. முக்கியம், இந்தப் பட்டியலை ஆவணங்களைத் திறப்பதற்கு முன் எழுதித் தேதி போட்டு வைப்பது. பின்னால் எழுதினால் கிடைத்ததெல்லாம் "எதிர்பார்த்ததே" ஆகிவிடும்.

படி 6: ஆவணக் காப்பகம்

அரசு ஆவணம் என்பது அரசு எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும்போது பல சமயம் அசந்துவிடுகிறார்கள். குவாதமாலாவின் தேசியப் போலீஸ் காப்பகம் 2005-ல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 8 கோடிப் பக்கம், ஈரத்தில் அழுகிக் கிடந்தது. அதிலிருந்து எடுத்த காகிதங்கள் பிறகு நீதிமன்றங்களில் சாட்சியாக நின்றன. காப்பகத்துக்குப் போகும்போது பெட்டி எண், கோப்பு எண், பக்கம் மூன்றையும் போட்டோ எடுக்கும்போதே முதல் படத்தில் பதித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் நாலாயிரம் படங்களில் தேடும் துன்பத்தைப் பகைவனுக்கும் கொடுக்கக் கூடாது.

படி 7: ஆட்களிடம் பேசுவது

இந்தப் படியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் ஏற்கனவே பதிவான சாட்சியங்களில் இருந்தால், ஒரு தாயை ஐந்தாவது முறையாக அழவைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

போகத்தான் வேண்டும் என்றால், முதலில் உங்கள் பல்கலைக்கழக ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி. குழுக்கள் வழக்கமாகக் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் கேட்கும். கண்காணிப்பு உள்ள இடத்தில் அந்தப் படிவமே ஆபத்து, உங்கள் பையில் இருப்பது உங்களோடு பேசியவர்களின் பட்டியல். காரணம் எழுதி வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். பெயரைக் குறித்துக்கொள்ளவே வேண்டாம் என்றால் குறிக்காதீர்கள். வேண்டுமென்றால் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணும், எந்த எண் யாருடையது என்ற சாவிப் பட்டியல் வேறொரு இடத்தில் பூட்டியும் இருக்கட்டும். எல்லை தாண்டும்போது லேப்டாப்பில் பேட்டி எதுவும் இருக்கக் கூடாது.

"நீங்கள் சொல்வது வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்கும் முன் பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் திட்டம் ஞாபகம் வரட்டும். வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக்குழுவினரிடம், அவர்கள் சாகும்வரை வெளியிடமாட்டோம் என்று சொல்லி வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்கள். 2011-ல் பிரிட்டிஷ் தரப்பு கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க அரசு அந்த ஒலிநாடாக்களைக் கேட்டு நீதிமன்ற ஆணை அனுப்பியது. வழக்காடியும் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை, ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. ஆய்வாளருக்கு, மருத்துவருக்கோ வக்கீலுக்கோ உள்ளது போன்ற சட்டப் பாதுகாப்பு பல நாடுகளில் இல்லை. ஆகவே உங்களால் காப்பாற்ற முடிந்த அளவுக்கே வாக்குக் கொடுங்கள். குற்ற விவரங்களை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று பேட்டியின் தொடக்கத்திலேயே சொல்வதும் ஒரு வழி.

சரி, பேசினார்கள். சொன்னது உண்மையா? ருவாண்டாவில் ஆய்வு செய்த லீ ஆன் ஃபுஜீ இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வதந்தி, இட்டுக்கட்டியது, மறுப்பு, நழுவல், மௌனம், இவற்றைக் குப்பையென்று ஒதுக்காமல் அவற்றையும் தரவாகப் படித்தார். ஒருவர் தன் ஊரில் நடந்த கொலையை மறுக்கிறார் என்றால், அந்த மறுப்பு இன்று அவருக்கு யாரிடம் பயம், எதை இழக்கப் பார்க்கிறார் என்பதைச் சொல்கிறது. அதனால் பேட்டி முடிந்த அன்றே, பேசியதோடு சேர்த்து, எந்தக் கேள்வியில் பேச்சை மாற்றினார், யார் உள்ளே வந்ததும் குரல் தாழ்ந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். மறுநாள் அது மறந்துபோகும்.

நேராகக் கேட்க முடியாததைக் கேட்க ஒரு தந்திரமும் இருக்கிறது. பாதிப் பேரிடம் நான்கு சாதாரண வாக்கியங்களைக் காட்டி "எத்தனையோடு உடன்படுகிறீர்கள், எண்ணை மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். மற்றப் பாதிக்கு அதே நான்கோடு "ஆயுதக்குழுவை ஆதரிக்கிறேன்" என்பது போன்ற ஐந்தாவது வாக்கியம். இரண்டு சராசரிகளின் வித்தியாசமே ஆதரவின் அளவு. தனி மனிதர் யார் என்ன சொன்னார் என்பது உங்களுக்கே தெரியாது. ஒருவர் "ஐந்தும்" என்று சொல்லிவிட்டால் மட்டும் குட்டு உடையும், அதனால் நான்கு வாக்கியங்களையும் எல்லாரும் ஒப்புக்கொள்ளாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 8: எழுதி வெளியிடுவது

எழுதும்போது செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். "பத்துப் பேர் கொல்லப்பட்டனர்" என்று எழுதும் இடத்தில் கொன்றவர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள், இரண்டையும் இலக்கணத்துக்குப் பின்னால் ஒளிக்க வேண்டாம். ஊர்ப் பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார். "அந்த ஊரின் ஒரே பெண் ஆசிரியை" என்று எழுதியபின் பெயரை மறைத்து என்ன பயன்?

டேட்டாவைப் பொதுவில் வைக்கும் முன் துல்லியமான இடக்குறிகளை மாவட்ட அளவுக்கு மங்கவைத்து, எந்தச் சம்பவத்தை எந்த வகையில் சேர்த்தீர்கள் என்ற விதிகளை எழுதிய கையேட்டையும் சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு முடிவுக்கான காரணத்தையும் சேர்த்து வையுங்கள். பெருவுக்குத் திரும்ப வருவோம். 2019-ல் சில்வியோ ரெண்டோன் ஆணையத்தின் கணக்கை மறுபடி போட்டு, இறந்தவர்கள் சுமார் 48,000 என்று எழுதினார். ஆணையம் மறைமுகமாகக் கணித்த பகுதியைத்தான் அவர் குறிவைத்தார். முன்பு கணக்கைப் போட்டவர்கள் அதே ஆண்டு மறுப்பு எழுதினார்கள். அறிக்கை வந்து பதினாறு ஆண்டு கழித்து இவர்களால் வரிக்கு வரி சண்டை போட முடிந்ததென்றால், அந்தப் பட்டியல்களும் அவற்றை எப்படிச் சேர்த்தார்கள் என்ற குறிப்பும் யாரோ ஒருவர் ஒழுங்காக எடுத்து வைத்திருந்ததால்தான்.